கால் வலிக்காத இடத்தில் ஒரு கடை

தொழில் தொடங்குவதற்கு முன் நான் எல்லாவற்றையும் யோசித்தேன். கடைக்குப் பெயர் யோசித்தேன், போர்டுக்கு நிறம் யோசித்தேன், இரண்டாவது கிளையை எங்கே திறப்பது என்றுகூட யோசித்தேன். வாடிக்கையாளருக்குக் கால் எந்த இடத்தில் வலிக்க ஆரம்பிக்கும் என்பதை மட்டும் யோசிக்கவில்லை.

பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையில் மலையைச் சுற்றுகிறவர்கள் பதினான்கு கிலோமீட்டர் வெறுங்காலில் நடக்கிறார்கள். சுற்றி முடித்தவர்கள் ராஜகோபுரத்தின் எதிரே பாதத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதை ஆயுசு பூராவும் பார்த்தவன் நான். ஒருநாள் எனக்கு ஞானம் பிறந்தது. இந்த ஊரில் அது தினமும் யாருக்காவது பிறந்துகொண்டுதான் இருக்கிறது. நான் அதற்கு ஷட்டர் வைத்துக் கடை எடுத்துவிட்டேன். கல்லுப்பும் நொச்சி இலையும் போட்ட வெந்நீரில் கால் மணி நேரம் காலை ஊற வைக்கலாம். பத்து ஸ்டூல், பத்து டப், ஒரு பெரிய அண்டா. போர்டில் 'பாத சுக நிலையம்'.

அதுவரை என் மனைவியின் அண்ணனுடைய பெயின்ட் கடையில் கலர் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தேன். வேலையை விடுகிறேன் என்றதும் மச்சான் சிரிக்கவில்லை. அதுதான் எனக்கு ரொம்ப வலித்தது.

"போ மாப்ள. உன் ஸ்டூல நான் யாருக்கும் தர மாட்டேன். எப்படியும் வந்துருவ" என்றார்.

என் மனைவி இன்னும் தெளிவாகப் பேசினாள். "மூணு பௌர்ணமி. அதுக்குள்ள கடை நிக்கலைன்னா மறுநாள் காலையில அண்ணன் கடையில இருக்கணும். அழக்கூடாது."

நான் ஒப்புக்கொண்டேன். மூன்று மாதம் என்று கேட்டால் நிறைய நாள் போலத்தான் இருக்கிறது. என் தொழிலுக்கு அது மூன்றே நாள் என்பது ஒப்புக்கொண்ட பிறகுதான் உறைத்தது.

முதல் பௌர்ணமி. சாயங்காலம் நாலு மணிக்கே அண்டா கொதித்தது. கடை செங்கம் ரோட்டில், அக்னி லிங்கம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில். ஜனம் ஆறு மாதிரி போனது. ஒருவரும் உள்ளே வரவில்லை. நான் வாசலில் நின்று கூப்பிட்டேன்.

"வாங்கம்மா, கால் வலி போகும், வாங்க!"

நெற்றி நிறைய திருநீறு பூசிய ஓர் அம்மா நின்று என்னை மேலும் கீழும் பார்த்தார். "இப்பதான் தேங்காய ஒடச்சிட்டு கிளம்பி வரோம். அதுக்குள்ள கால் வலிக்கும்னு வாய் வைக்கிறியே, நீ நல்லா இருப்பியா?"

அப்போதுதான் கணக்கு புரிந்தது. மலையை எப்போதும் வலப்பக்கம் வைத்துத்தான் சுற்ற வேண்டும். கோயிலில் கிளம்புகிற எல்லோரும் என் கடையை அரைமணி நேரத்தில், உற்சாகத்தின் உச்சியில் தாண்டிப் போவார்கள். கால் கெஞ்சுகிற நேரத்தில் அவர்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருப்பார்கள். எதிர்த்திசையில் திரும்பி வரவும் மாட்டார்கள். பசியே எடுக்காத இடத்தில் நான் பந்தி போட்டிருந்தேன். வாடகை கம்மி என்று கடையைப் பிடித்தேனே, அது ஏன் கம்மி என்று கேட்டிருக்கலாம்.

புத்திசாலி என்றால் அங்கேயே யோசித்திருப்பான். நான் ஸ்பீக்கர் வாங்கினேன். போர்டைச் சுற்றிச் சீரியல் பல்பு போட்டேன். கால் வலிக்காதவனுக்கு இரண்டு பல்பு கூடுதலாக எரிந்தால் வலித்துவிடும் என்று நம்பினேன்.

இரண்டாவது பௌர்ணமிக்கு என் மனைவியும் வந்தாள். ஒரு ஸ்டூலைப் போட்டு, முறுக்கு தின்றுகொண்டு சும்மா பார்த்தாள். அன்றைக்கு எனக்கு வேறொரு தொல்லை. பௌர்ணமியில் பஸ் ஊருக்குள் வராது. பெங்களூர்ப் பக்கத்து பஸ்ஸெல்லாம் எங்கள் ரோட்டிலேயே தற்காலிக ஸ்டாண்டில் நின்றுவிடும். இறங்குகிறவர்கள் நேராக என்னிடம் வந்தார்கள்.

"அண்ணே, செருப்ப இங்க வுட்டுட்டுப் போலாமா?"

"இது செருப்பு ஸ்டாண்டு இல்லைங்க. போர்ட படிங்க."

இருபது பேருக்குச் சொல்லியிருப்பேன். கடைசியில் ஓர் அட்டையில் 'இங்கே செருப்பு விடாதீர்' என்று எழுதி மாட்டினேன். என் கடையில் மக்கள் நின்று படித்தது அந்த அட்டையைத்தான்.

அண்டாவைக் கவிழ்த்து வெந்நீரைக் கொட்டும்போது மனைவி கேட்டாள். "ஏங்க, அந்த பஸ்ல வந்தவங்க சுத்தி முடிச்சிட்டு எங்க போவாங்க?"

"பஸ்ஸுக்குத்தான்."

"பஸ்ஸு எங்க நிக்குது?"

நான் ரோட்டைத் திரும்பிப் பார்த்தேன். எதிரேதான் நின்றது.

"எங்க ஆரம்பிக்கிறாங்களோ அங்க வந்துதான் முடிக்கணும். செருப்பு இங்க இருந்தா கால் இங்க வராம எங்க போகும்? கேட்டு வர்றவங்கள தொரத்திட்டு, கேக்காதவங்கள தொண்ட கிழிய கூப்புட்டுட்டு இருக்கீங்க."

இத்தனை நாள் நான் ஏமாந்தது பாதத்தை மட்டுமே பார்த்ததில்தான். பாதத்துக்கு ஒரு செருப்பு இருக்கிறது என்பது தோன்றவேயில்லை.

மூன்றாவது பௌர்ணமிக்குப் புது அட்டை. 'செருப்பு இலவசமாகப் பார்த்துக்கொள்ளப்படும்.' டோக்கனுக்கு மனைவி வழி கண்டுபிடித்தாள். போன வருஷத்துத் தினசரி காலண்டர் வீட்டில் கிழிக்காமல் கிடந்தது. ஒரு தாளைக் கிழித்து இரண்டாக்கி, ஒரு பாதி செருப்புக்கு, மறு பாதி ஆளுக்கு. சாயங்காலம் ஆறு மணிக்குள் ஆகஸ்ட் பாதி வரைக்கும் தீர்ந்துவிட்டது.

அந்த நேரம் பார்த்து மச்சான் வந்தார். கிரிவலம் போகத்தான் வந்ததாகச் சொன்னார். "சுத்திட்டு வரேன் மாப்ள. ரெடியா இரு. நாளைக்கு ரெண்டு லோடு வருது, எறக்கணும்." அவர் பேசி முடிப்பதற்குள் என் மனைவி அவருடைய செருப்பைக் கழற்றச் சொல்லி, ஆகஸ்ட் பதினைந்தை அதில் கட்டிவிட்டாள்.

ஒன்பது மணி வாக்கில் முதல் ஆள் திரும்பி வந்தார். செருப்பைக் கையில் வாங்கினார், காலில் போடவில்லை. போட முடியவில்லை. அண்டாவிலிருந்து எழுந்த ஆவியைப் பார்த்தார்.

"அது இன்னாங்க?"

இரண்டு மாதமாக இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன். ஸ்டூலைக் காட்டினேன். அரைமணியில் பத்து ஸ்டூலும் நிறைந்து, வாசலில் வரிசை நின்றது. மனைவி பாதிச் சீட்டுகளை வைத்துக்கொண்டு கத்தினாள். "மே இருபது வந்துட்டாரு! ஏப்ரல் நாலு, கால எடுங்க, அடுத்தவங்க நிக்கிறாங்க!" ஒருவர் வெட்கத்தோடு சீட்டை நீட்டினார். "அம்மா, எனக்கு ராகு காலம் மட்டுந்தான் இருக்குது, தேதிய காணோம்." ஏழு ஜோடி செருப்பைப் போட்டுப் பார்த்துத் தன்னுடையதைக் கண்டுபிடித்தார்.

பத்தரைக்கு மச்சான் வந்தார். சொல்ல வைத்திருந்த வார்த்தையெல்லாம் மலைக்கு அந்தப் பக்கம் குபேர லிங்கத்திலேயே தீர்ந்துபோயிருக்கும். காலியான ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் டப்பை வைத்தேன். காலை விட்டதும் கண்ணை மூடிக்கொண்டார்.

"இன்னும் கொஞ்சம் சூடா ஊத்து மாப்ள."

ஊற்றினேன்.

"கடை நிக்கும்போல இருக்கே" என்றார், கண்ணைத் திறக்காமல்.

"நின்னுடுச்சி மச்சான்" என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

"சரி. மாசத்துக்கு ஒரு பௌர்ணமி. முன்னாடி பின்னாடி சேத்து மூணு நாளு. மீதி இருபத்தேழு நாளு யார் கால கழுவப்போற?"

இதை நான் யோசித்திருக்கவில்லை. மனைவியைப் பார்த்தேன். அவள் செருப்பு தேடுவதில் மிகவும் மும்முரமாக இருந்தாள்.

வெந்நீரில் கால் இருக்கும் மனிதனிடம் எதையும் கேட்கலாம் என்பதைத் தொழில் எனக்குக் கற்றுக்கொடுத்திருந்தது. "மூணு நாளு எனக்கு லீவு. மீதி நாளு பெயின்ட் கடை. சம்மதமா?"

"சம்மதம்" என்றார், இன்னும் கண்ணை மூடியபடி. "ஒம்போது மணிக்கு வந்துரணும்."

"ஒம்போதரை" என்றேன்.

"ஒம்போது" என்றாள் என் மனைவி, செருப்புக் குவியலுக்குள்ளிருந்து.