உதயா சாகவிடாத தோகி

விசைப்படகில் சமையல் என்பது லேசுப்பட்ட வேலை இல்லை. கடல் ஆடுகிற ஆட்டத்தில் அடுப்பு ஒரு பக்கம் போகும், குழம்பு ஒரு பக்கம் போகும். உதயா அதை ஒரு கையால் சமாளிப்பான். இன்னொரு கையில் படக்கதைப் புத்தகம் இருக்கும். "சோத்துல உப்பு இல்ல, புக்குல பிசாசு மட்டும் கீது" என்று படகே கிண்டல் பண்ணும். நாற்பதை நெருங்கிவிட்ட ஆள், இரண்டு பிள்ளைகளுக்குத் தகப்பன், ஆனாலும் புத்தகத்தை விடவில்லை. "கொம்பு மொளச்சவன் மூஞ்சியயே பாத்துகினு கீறியே, என் மூஞ்சிக்கு இன்னா கொறச்சல்?" என்று அவன் மனைவி மலர் கேட்பாள். அவன் அடுத்த பக்கத்தைப் புரட்டுவான்.

அந்தக் கொம்பு முளைத்தவன் 'எலும்புத் தீவு' என்கிற வரிசையின் நாயகன். மொத்தம் ஏழு புத்தகம். பாதி மனிதன், பாதி பிசாசு, இரண்டு கொம்பில் ஒன்று உடைந்தது. நல்லவனா என்றால் சத்தியமாக இல்லை. காசு கிடைத்தால் ராஜாவைப் பிசாசிடமும் பிசாசை ராஜாவிடமும் காட்டிக்கொடுத்துவிட்டு நிம்மதியாகச் சாப்பிடப் போவான். அவன் பெயர் யார் வாயிலும் நுழையாததால் காசிமேடு துறைமுகத்தில் அவனுக்கு 'ஒத்தக்கொம்பன்' என்று பெயராகிவிட்டது. கூடவே தோகி என்று ஒரு குண்டன் வருவான். எப்போதும் பசி, எப்போதும் சீழ்க்கை. கெட்டவனை நம்பிக் கூடவே போகிற அப்பாவி.

மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகுகள் கரையில் கட்டிக் கிடக்கும். ஆட்கள் நிழல் பார்த்து உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னுவார்கள். கையும் கண்ணும் வலையில் இருக்கும், காது மட்டும் சும்மா இருக்கும். "உன் கொம்பன சத்தமா படியேன், கேப்போம்" என்று ஆரம்பித்து வைத்தவர் ராமதாஸ், படகிலேயே வயதில் மூத்த ஆள், வாயும் பெரிது. வலையை விட்டுக் கண் எடுக்க முடியாதவர்களுக்குப் படத்தை எப்படிப் படிப்பது? உதயா படத்தையும் வாயாலேயே சொன்னான். "இப்ப கோட்டை கீது. கரேல்னு. மேல நெலா, அதுல ரத்தம் வழியுது." ரத்தத்தைக் கொஞ்சம் அதிகமாகவே வழிய விட்டான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகத்தான் சொன்னான். பக்கத்துப் படகுக்காரர்கள்கூட வலையை இழுத்துக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்தார்கள்.

அப்படியொரு மத்தியானம் பாஸ்கல் வந்து உட்கார்ந்தான். எல்லோரும் வலையை விட்டுத் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

பாஸ்கல்தான் படகின் டிரைவர். போன ஐப்பசியில் நடுக்கடலில் வலை அடியில் எதிலோ மாட்டிக்கொண்டது. காற்று வேறு. படகு ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அலை அடித்ததில் நெல்சன் கடலில் விழுந்து, அந்த வலைக் கயிற்றையே பிடித்துத் தொங்கினான். ராயபுரத்தில் பாஸ்கல் இருந்த அதே தெருக்காரன், சின்ன வயசுத் தோஸ்து. கயிற்றை அறுத்தால் படகு நிமிரும், நெல்சன் போய்விடுவான். "அறு மாமு, அறு!" என்று ஒரு குரல் வந்தது, பிறகு எல்லோரும் கத்தினார்கள். பாஸ்கல் அறுத்தான். மற்றவர்கள் பிழைத்தார்கள். நெல்சன் கிடைக்கவே இல்லை. முதலில் கத்தியது யார் என்று பிறகு யாரும் கேட்கவில்லை, உதயாவும் சொல்லவில்லை.

பாஸ்கல் மேல் தப்பு என்று ஊரில் ஒருவரும் சொல்லவில்லை. நெல்சன் வீட்டில்கூடச் சொல்லவில்லை. ஆனால் அவன் அதற்குப் பிறகு படகில் கால் வைக்கவில்லை, துறைமுகம் பக்கமே வரவில்லை. தடை முடிவதற்குள் அவன் வராவிட்டால் வேறு டிரைவரைப் போட்டுவிடுவதாக ஓனர் சொல்லியிருந்தார். இப்போதுதான் வந்திருக்கிறான், அதுவும் கதை கேட்க.

அப்போது படித்துக்கொண்டிருந்தது மூன்றாம் புத்தகம். அதில் என்ன வரும் என்று உதயாவுக்குத் தெரியும். பாதாளக் கிணற்றில் ஒத்தக்கொம்பனும் தோகியும் ஒரே கயிற்றில் தொங்குவார்கள். கயிறு இரண்டு பேரைத் தாங்காது. ஒத்தக்கொம்பன் கத்தியை எடுத்துத் தனக்குக் கீழே அறுத்துவிடுவான், தோகி போய்விடுவான்.

அந்தப் பக்கமும் வந்தது. நல்லவேளை, அதில் ஓர் எழுத்துக் கிடையாது, வெறும் படம். உதயா, "கொம்பன் பல்ல கடிச்சிகினு தோகிய மேல தூக்கறான்... தூக்கிட்டான்!" என்றான். ராமதாஸ் கைதட்டினார். பாஸ்கல் தலை நிமிராமல் பின்னிக்கொண்டிருந்தான்.

அட, பொய் சொல்வது சுலபம், அதற்குச் சோறு போட்டு வளர்ப்பதுதான் பேஜாரு. நாலாம் புத்தகத்தில் தோகி இல்லை, இருக்கவும் முடியாது. "தோகி எங்கப்பா?" என்றார் ராமதாஸ். "ஒண்ணுக்குப் பூட்டான்" என்றான் உதயா. எத்தனை நாள்தான் அவன் ஒன்றுக்குப் போவான்? தோகி பேச ஆரம்பித்தான். ஜோக் அடித்தான். பூதத்தின் சமையலறையில் புகுந்து வஞ்சிரம் தின்றான். ஐந்தாம் புத்தகத்தில் உதயா அவனுக்குக் கல்யாணமே பண்ணி வைத்துவிட்டான். எல்லோருக்கும் தோகியைப் பிடித்துப்போயிற்று. பாஸ்கல் தினமும் வந்து வலை பின்னினான்.

கல்யாணத்துக்கு மறுநாள் மற்றவர்கள் டீக்குப் போனதும் பாஸ்கல் ஊசியைக் கீழே வைத்தான்.

"தோகி மூணாம் புக்குலயே செத்துட்டான்ல?"

உதயா புத்தகத்தை மூடினான்.

"மொத நாளே பாத்துட்டேன்டா. நீ டீக்குப் போனப்ப பொரட்டுனேன். கயித்த அறுக்கற வரைக்கும் பாத்தேன். அப்பால பொரட்ட கை வர்ல."

"உனுக்காகத்தான் மாமு..."

"தெரியும். அதான் கம்முனு இருந்தேன்." பாஸ்கல் அவன் பக்கம் திரும்பினான். "ஆனா நான் இன்னாத்துக்குத் தெனம் வந்தேன்னு நெனைக்கிற? அறுத்தவன் அப்பால எப்பிடி இருந்தான்? சோறு தின்னானா, தூங்குனானா? அத்த கேக்கத்தான்டா வந்தேன். நீ இன்னாடான்னா தோகிக்குப் பொண்ணு பாத்துகினு கீற."

உதயா இவ்வளவு நாளும் பாஸ்கலைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்திருந்தான்.

டீ குடித்துவிட்டு வந்தவர்களிடம், "இத்தினி நாள் நான் டபாய்ச்சிட்டேன். தோகி செத்துட்டான். மூணாம் புக்குலேர்ந்து மறுபடி படிக்கிறேன்" என்றான். ராமதாஸ் குதித்தார். "நேத்துதான்டா அவனுக்குக் கல்யாணம் ஆச்சு! பாவி, அந்தப் பொண்ணு கதி இன்னா?"

உதயா அந்தப் பக்கத்தைத் திறந்தான். "கத்திய எடுக்கறான். தோகி மேல பாக்கறான். அறுக்கறான்." எல்லோருடைய கையும் நின்றது. ராமதாஸ் பாஸ்கலைப் பார்த்தார். பாஸ்கலின் ஊசி மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"படி" என்றான் பாஸ்கல்.

உதயா படித்தான். ஒத்தக்கொம்பன் சாப்பிட்டான். தூங்கினான், கெட்ட கனவோடு. திருடினான், சண்டை போட்டான், திருந்தவெல்லாம் இல்லை. ஆனால் அதற்குப் பிறகு ஒருவரோடும் கயிறு கட்டிக்கொள்ளவில்லை. எவ்வளவு பெரிய மலையானாலும் தனியாகவே ஏறினான். ஏழாம் புத்தகத்தில்தான், ஒரு பெண்ணைக் கிணற்றிலிருந்து மீட்க வேண்டி, அவளைத் தன் இடுப்போடு சேர்த்துக் கட்டினான். கட்டிவிட்டுத் தன் கத்தியை எடுத்து அவள் கையில் கொடுத்தான். அதோடு கதை முடிந்துவிட்டது. இரண்டு பேரும் மேலே வந்தார்களா என்று புத்தகம் எழுதினவன் சொல்லவில்லை. ராமதாஸ் அவனைக் கண்டபடி திட்டினார்.

பாஸ்கல் எழுந்து போனான். பிறகு வலை முழுக்கப் பின்னி முடிகிற வரை அவன் வரவில்லை. எல்லாம் கெட்டுப்போயிற்று என்று உதயா மலரிடம் புலம்பினான். அவள் முதல் தடவையாக, தானே அந்தப் புத்தகங்களை எடுத்து அடுக்கி வைத்தாள்.

தடை முடிந்த அன்று சாயங்காலம் படகில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஓனர் சொன்ன புது டிரைவர் இன்னும் வரவில்லை. பாஸ்கல் வந்தான். யாரையும் பார்க்காமல் ஏறி, ஸ்டீயரிங் பக்கத்தில் செருகியிருந்த, அன்று கயிற்றை அறுத்த கத்தியை உருவிக்கொண்டு, நேராக அடுப்புப் பக்கம் வந்து உதயாவிடம் நீட்டினான்.

"இது உன்னாண்ட இருக்கட்டும்."

உதயா கரண்டியைக் கீழே வைத்தான். "மாமு, அன்னிக்கு மொதல்ல அறுன்னு கத்துனது நான்தான்."

"தெரியும்டா. உன் கொரல் எனுக்குத் தெரியாதா?" என்றான் பாஸ்கல். "அதான் உன்னாண்ட குடுக்கறேன். இனிமே நான் மட்டும் அத்த வெச்சிகினு இருக்க முடியாது."

உதயா வாங்கிக்கொண்டான்.

"அதுல வெங்காயம் அரிஞ்சியோ, ஒதப்பேன்" என்று சொல்லிவிட்டுப் பாஸ்கல் இன்ஜினைப் போடப் போனான்.