ஐம்பதில் நின்ற முள்

முப்புரம் எரிக்கப் புறப்பட்ட தாதையின் தேரையே அச்சு முறியச் செய்த ஆனைமுகப் பெருமானே, வண்டி ஏறுவோர்க்கும் வழி நடப்போர்க்கும் நீயே காவல். நின் திருவடி தொழுது இதனை எழுதுகிறேன்.

அன்று விசயதசமி. புதுக்குடியிருப்பில் என் மருமகன் தம் நெல் லொறிக்குப் பூசை வைத்தார். விசுவமடு வயல்வழிகளில் புதையாதிருக்கப் பெரிய ரயர்களும், பெருவீதியில் எஞ்சின் அலறாதிருக்கப் பின் அச்சுக்கு வேறு பற்சக்கரங்களும் பூட்டியிருந்தார். கராஜ்காரர் என் முன்னிலையிலேயே அவரை எச்சரித்தார்: இனி வேகமீற்றர் குறைத்தே காட்டும், அதன் கேபிள் கியர்பெட்டியில் சேருமிடத்துச் சின்னப் பல்லுச் சில்லையும் மாற்ற வேண்டும், அது வவுனியாவிலிருந்து வரும்வரை லொறியை எடுக்க வேண்டாம்.

மருமகனுக்கோ சுபநேரம் கழிகிறதே என்ற பதற்றம். ரயர் செய்ததை அச்சு சரிக்கட்டிவிடும் என்று தாமாகவே முடிவு கட்டினார். இரண்டும் முள்ளை ஒரே பக்கம், குறைக்கும் பக்கமே, இழுப்பதை அவர் எண்ணவில்லை. சாரதியிடம் சொல்லியாயிற்றா என்று கேட்டேன். ஓம் என்றார். சில்லுகளின் கீழ் வைத்த தேசிக்காய்கள் நசுங்க லொறி புறப்பட்டது. நான் முன் இருக்கையில் பதிகம் ஓதியபடி இருந்தேன்.

உடையார்கட்டில் ஒழுங்கையிலிருந்து ஒரு சைக்கிள் குறுக்கே வந்தது. சாரதி பிரேக்கின் மேல் ஏறியே நின்றான். லொறி நிற்கவில்லை. சைக்கிள் சில்லின் கீழ் நொறுங்கியது. ஓட்டி வந்தவர் மதகில் மோதி விழுந்தார். அவர் தொடை எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது.

சனம் கூடிற்று. சாரதியைக் கதவைத் திறந்து இழுத்து வீழ்த்தினார்கள். தடியாலும் செருப்பாலும் சைக்கிள் செயினாலும் அடித்தார்கள். மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளை அவன். பேச்சிலேயே அது தெரியும்.

"அம்பதுலதாங்க வந்தேன். முள்ளப் பாத்துக்கிட்டேதான் வந்தேன்."

தோட்டத்துக்கே ஓடடா, அங்கே போய் அம்பது எண்ணு என்று ஒருவன் சிரித்துக்கொண்டே அவன் வாயில் மிதித்தான். இரண்டு பற்கள் மண்ணில் விழுந்தன. நான் சாரதியின் மேல் விழுந்து மறைத்தேன். என் முதுகிலும் செயின் பட்டது.

பொலிஸ் வந்தது. பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் மருமகன் வந்தார். வந்தவர் அந்த உடைந்த வாயிலேயே அறைந்தார். குடித்துவிட்டு ஓட்டியிருக்கிறான், லொறியில் ஒரு பிழையும் இல்லை என்றார். சாரதி என்னைப் பார்த்தான். மீற்றர் குறைத்துக் காட்டும் என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. அவனைப் பிடித்து வண்டியில் ஏற்றப் போனார்கள். அவன் மறியலில் அடைபட்டால் அந்த வீட்டில் உழைக்க வேறு ஆளில்லை.

"மீற்றர் பிழை, ஐயா. எடுக்கவேண்டாமெண்டு கராஜில சொன்னவை. நேரம் போகுதெண்டு எடுப்பிச்சது என்ர மருமகன்."

சொல்லி முடிக்குமுன் மருமகனின் கை என் கழுத்தில் இருந்தது. உருத்திராட்ச மாலை அறுந்தது. பின்னந்தலை லொறியின் பக்கப் பலகையில் மோதக் கண் இருண்டது.

"கிழடு, உன்ர மகளின்ர தாலியையே அறுக்கிறியா?"

அவரை என்மேலிருந்து பிய்த்தெடுத்தவன், இரத்தம் ஒழுகிய அந்தச் சாரதியே.

மறுநாள் பொலிஸார் அதே லொறியை அதே வீதியில் ஓட்டிப் பார்த்தார்கள். முள் ஐம்பதில் அசையாதிருக்க, ஒரு கிலோமீற்றர் கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்கு ஒரே நிமிடத்தில் போயிற்று. அப்படியானால் உண்மை வேகம் அறுபது. சாரதியை விட்டார்கள், வழக்கு மருமகன்மேல் விழுந்தது. வவுனியாவிலிருந்து அந்தச் சின்னச் சில்லு வந்தது. அதைப் பூட்டியபின் முள் உள்ளதையே காட்டிற்று. சைக்கிள்காரர் பிழைத்தார், ஊன்றுகோலோடு. மகள் என்னோடு கதைப்பதில்லை. கோயிலில் கண்டால் மற்ற வாசலால் போய்விடுகிறாள்.

இதை வாசிக்கும் நீங்கள் எல்லோரும் போகும் வழி முழுவதும் ஊறின்றிப் போய், வீட்டில் விளக்கு எரிந்துகொண்டிருக்கத் திரும்பி வருவீர்களாக. ஐயன் அருள் உங்கள் முன்னும் பின்னும் நடப்பதாக.