பூவம்மாள் வீட்டை நோக்கிப் போன கோடுகள்

முசரவாக்கத்துப் பூவம்மாளுக்கு இருந்ததெல்லாம் ஓர் எருமையும் மனதில் பட்டதைச் சொல்லிவிடும் வாயும்தான். பால் ஊற்றப் போனால் வாசலுக்கு வாசல் நிறுத்தி, புது நெல் போடலாமா, பெண்ணைச் செய்யாறில் கொடுக்கலாமா என்று யோசனை கேட்பார்கள்.

1971-இல், மதராஸில் சமூகவியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்த பிள்ளையார்பாளையத்துக் கமலவேணி முசரவாக்கத்துக்கு வந்தாள். வீடு வீடாக ஒரே கேள்வி: "யோசனை வேணும்னா யாரைப் போய்க் கேப்பீங்க?"

பூவம்மாள் விழித்தாள். "நான்தான்மா ஊருக்கெல்லாம் சொல்லிக்கினு திரியறேன்!"

"ஒரு பேராவது சொல்லுங்க."

அந்த நேரம் பார்த்துப் பஞ்சாயத்துத் தலைவர் தர்மன் குடையோடு தெருவில் போனார். "தலைவரையே எழுதிக்கோமா," என்று சொல்லிவைத்தாள்.

ஒரு மாதம் கழித்துப் பள்ளிக்கூடச் சுவரில் கமலவேணி வரைந்த பெரிய படம் ஒன்று தொங்கியது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புள்ளி, பக்கத்தில் வீட்டு நம்பர். யோசனை கேட்கும் வீட்டிலிருந்து சொல்லும் வீட்டுக்கு ஓர் அம்புக்கோடு. பூவம்மாளின் முப்பத்தொன்பதாம் நம்பருக்கு வந்த கோடுகள் எண்ணி மாளவில்லை. தலைவரின் ஒன்றாம் நம்பருக்கு ஒன்றே ஒன்று.

"பத்து வருஷமா தலைவரா இருக்கேன். ஒத்தைக் கோடாமா?" என்று தர்மன் குதித்தார்.

"உங்க வூட்லேர்ந்தும் முப்பத்தொன்பதுக்கு ஒரு கோடு போவுதே தலைவரே!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"அது... மாட்டுக்கு வைத்தியம் கேட்டதுபா." எல்லோரும் சிரித்தார்கள். பூவம்மாள் முந்தானைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

கமலவேணி பென்சிலால் அந்த ஒற்றைக் கோட்டைத் தொட்டாள். "எத்தனை கோடுன்னு பாக்காதீங்க ஐயா, எங்கேர்ந்து வருதுன்னு பாருங்க. ஊரே அவங்களைக் கேக்குது. அவங்க கேக்கறது உங்களைத்தான்."

தலைவரின் மீசை நிமிர்ந்தது.

மறுநாளே வாசலில் நாற்காலி போட்டுக் காத்திருந்தார். "பூவம்மா, இன்னிக்கு இன்னா யோசனை வேணும்?"

வேறு வழியில்லாமல், எருமைக்குத் தவிடா புண்ணாக்கா என்று கேட்டுவைத்தாள். அரைமணி நேரம் விளக்கினார். ஒரு வாரம் பொறுத்த பூவம்மாள் எட்டாம் நாள் வேறு மாதிரி கேட்டாள்: "காலனி பம்பு ரெண்டு வருஷமா கெட்டுக் கெடக்குது. இன்னா பண்றதுன்னு எனுக்குப் புரியல தலைவரே."

"இதுகூடவா தெரியாது? ரிப்பேர் பண்ணணும்!"

எத்தனையோ மனு கொடுத்தும் ஓடாத பம்பு நான்கே நாளில் ஓடியது. காலனிக் கங்கையம்மாள் முதல் குடம் பிடித்தாள். அப்புறம் பள்ளிக்கூட ஓடு, மதகு, தெருவிளக்கு என்று பூவம்மாளுக்குத் தெரியாத விஷயங்கள் பெருகிக்கொண்டே போயின.

1976-இல் அவள் மகள், நர்ஸ் படிக்க வேலூர் போவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அனுப்புவதா வேண்டாமா என்று பூவம்மாளுக்கு உண்மையாகவே தெரியவில்லை. தலைவரிடம் போனாள். அவர் மீசையைத் தடவினார்.

"எனுக்கும் தெரியலையேமா."

அதைக் கேட்டதும் ஏனோ அவளுக்கு மனம் லேசானது. இருவரும் பேசிப் பேசி, பொழுது சாய்வதற்குள், அனுப்பிவிடலாம் என்று முடிவு செய்தார்கள்.