கீழே போடச் சொன்ன கைத்தடி

பள்ளிவாசல் ஜமாஅத் கொடுத்த கேடயத்தில், ஷரபுன்னிசா ‘தன்னை மறந்து சேவை செய்பவர்’ என்று பொறித்திருக்கிறது. அவர் தன்னை மறந்ததாகப் பாலக்கரையில் யாருக்கும் நினைவில்லை. தெருவில் எந்தப் பெண் மவுத்தானாலும் மய்யத்தை, அதாவது இறந்த உடலை, குளிப்பாட்டுவது அவர்தான். காய்ச்சலில் படுத்தவர்களைப் பார்க்கப் போனால்கூட, என் கைக்கு வராமல் எங்கே போய்விடுவாய் என்பதுபோல ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவார்.

ஒரு வருடமாக அந்தக் கை நடுங்குகிறது. தில்லை நகர் டாக்டர் மாத்திரையை மாற்றச் சொன்னார். ஷரபுன்னிசா டாக்டரை மாற்றினார்.

வெள்ளிக்கிழமைப் பெண்கள் பயானில், மார்க்கம் படித்துச் சொற்பொழிவு செய்யும் ஆலிமா ஜெஸிமா, மூஸா நபியின் கைத்தடிக் கதையை எடுத்துக்கொண்டாள். “கையில என்னன்னு ரப்பான அல்லாஹ் கேட்டான். கைத்தடின்னு சொல்லியிருந்தா போதும். இதுல சாஞ்சுக்குவேன், ஆட்டுக்கு இலை உதிர்ப்பேன், இன்னும் எதெதுக்கோ ஆகும்னு பதில் நீண்டுச்சு. நாமளும் நான் இன்னாருன்னு ஒரு தடிய ஊன்றிக்கிட்டுத்தான் நிக்கிறோம். கீழ போடுன்னான். போட்டப்பதான் அது பாம்புன்னு தெரிஞ்சுது.”

எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் ஷரபுன்னிசா. பக்கத்து வீட்டு ஜஹானாராவுக்குத் தன் அழகைப் பற்றி இருந்த எண்ணத்தை நினைத்து அழுதார்.

திரும்பும் வழியில் மருமகள் ஹஃப்ஸா கேட்டாள். “மாமி, நீங்க எப்பப் போடப் போறீங்க?”

“எங்கிட்ட என்னடி இருக்கு போட?”

“மய்யத்துன்னா நான்தாங்கறது. கைதான் இப்படி ஆடுதே.”

“போட்டத எடு, பயப்படாதன்னு அடுத்தாப்புல வருதுல்ல? அத ஒன் ஆலிமா முழுங்கிட்டாளா?”

வேதம் தன் பக்கம்தான் என்பதில் ஷரபுன்னிசாவுக்கு என்றைக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

அந்த மாதமே ஜஹானாரா மவுத்தானாள். அவள் மகள் ரஷீதா வாசலிலேயே மறித்தாள். “பெரியம்மா, ஹஃப்ஸா குளிப்பாட்டட்டும். நீங்க ஒக்காந்து துஆ செய்யுங்க.”

“ஒங்கம்மாவுக்கு என் கையத் தவிர வேற கை ஆகாதும்மா” என்றார் ஷரபுன்னிசா. ஜஹானாரா உயிரோடு இருந்தவரை அந்தக் கையால் ஒரு டம்ளர் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. ஆனால் துக்க வீட்டில் யார் வாதாடுவது? ரஷீதா விலகி நின்றாள்.

குளிப்பாட்டக் கட்டியிருந்த திரைக்குள் மாமியாரும் மருமகளும் மட்டும். வயிற்றை மெல்ல அழுத்திவிடுவதற்காக மய்யத்தைத் தோளைப் பிடித்துச் சற்றே தூக்க வேண்டும்.

“மாமி, நான் தாங்கிக்கிறேன்.”

“நீ தண்ணிய ஊத்துடி. இது ஒனக்கு வராது.”

தூக்கினார். கை ஆடியது. தோள் நழுவித் தலை பலகையில் மோதியது. அந்தச் சத்தம் வெளியே இருந்த அத்தனை பெண்களுக்கும் கேட்டது.

“அல்லாஹ்! எங்கம்மாவ என்ன பண்ணீங்க?” ரஷீதா திரைக்கு அந்தப் பக்கம் அலறினாள். “யாரு கீழ விட்டது?”

ஹஃப்ஸா கால்மாட்டில், கையில் சொம்போடு நின்றாள்.

ஷரபுன்னிசா ஜஹானாராவின் தலையை நேராக வைத்தார். முகத்தில் விழுந்திருந்த முடியை ஒதுக்கினார். பிறகு திரையைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கும்படி, “ஹஃப்ஸாதாம்மா விட்டுட்டா” என்றார்.