முடி கேட்டு வருபவள்

டிராமில் கம்பியைப் பிடித்து நின்றபடி, கீழே உட்கார்ந்திருந்த ஒருவரின் உச்சந்தலையையே பார்த்துக்கொண்டு வந்த நீலாவதி, ராஷ்பிகாரி முனை வந்ததும் பொறுக்கமாட்டாமல் அவர் தோளைத் தட்டினாள். "தாதா, தலைக்குச் சாயம் பூசறதைத் துர்கா பூஜைக்கப்புறம் விட்டுட்டீங்களா?" என்று வங்காளியில் கேட்டாள்.

மனிதர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வேர்லேர்ந்து ரெண்டு விரல்கடை வெள்ளையா வந்திருக்கு. மாசத்துக்கு இவ்வளவுன்னு வளர்றதுதானே? கணக்கு பூஜையில வந்து நிக்குது."

"அப்பத்தான் ரிடையர் ஆனேன். இனிமே யாருக்குக் காட்டணும், சொல்லுங்க."

நீலாவதி கைப்பையிலிருந்து இடுக்கியை எடுத்தாள். "ஒண்ணே ஒண்ணு குடுங்களேன், வேரோட." அடுத்த நிறுத்தத்தில் அவர் இறங்கிவிட்டார். அது அவர் இறங்கவேண்டிய நிறுத்தமாக இருந்திருக்காது.

நீலாவதிக்கு நாற்பத்தாறு வயது. வடக்குக் கல்கத்தாவில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தின் எக்ஸ்ரே பிரிவில் உதவியாளர். அப்பா திருச்சியிலிருந்து ரயில்வே மாற்றலில் வந்தவர். வந்தவர் திரும்பவில்லை, மகளும் திரும்பவில்லை. டாலிகஞ்ச் காலனியில் பிள்ளைகள் அவளைப் பார்த்தால் தலையைப் பொத்திக்கொண்டு, "சுல்மாஷி வரா, சுல்மாஷி வரா!" என்று ஓடுவார்கள். சுல் என்றால் வங்காளியில் முடி. மாஷி என்றால் சித்தி. ஓடுகிற பிள்ளைகளில் ஒன்றாவது பாதி வழியில் நின்று, தலையைக் காட்டி, ஒரு முடிக்கு ஒரு கடலை மிட்டாய் என்று பேரம் பேசும். கல்யாணம் ஏன் பண்ணிக்கொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "எல்லாரையும் பின்னாடியிருந்தே பாத்துப் பழகிட்டேன். மொகத்தப் பாக்க மறந்துபோச்சு" என்பாள்.

எடுத்த முடியை ஓர் அட்டைச் சட்டத்தில் நீட்டி ஒட்டுவாள். வேர்ப்பக்கம் பென்சிலால் 'தலை' என்றும், நுனிப்பக்கம் 'வால்' என்றும் எழுதுவாள். தலைகீழாகப் போனால் முதல் மாதம் கடைசி மாதமாகிவிடும். உடம்புக்குள் போன உலோகம் வளர்கிற முடிக்குள்ளும் கொஞ்சம் போய் உட்காரும். உட்கார்ந்தது உட்கார்ந்தபடியே வெளியே வளர்ந்து வரும். இடுப்பு வரை கூந்தல் உள்ள ஒரு பெண் தன் நாலைந்து வருஷ வாழ்க்கையை முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு நடக்கிறாள் என்று நீலாவதி சொல்லும்போது கேட்பவர்களின் கை தானாகத் தங்கள் பின்னலுக்குப் போகும்.

முடி வாங்கினால் பதில் சொல்லாமல் இருக்கமாட்டாள். இதை அவளிடம் உள்ள பெரிய விசித்திரம் என்று அவளோடு வேலை பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். நம் நாட்டில் ஏழையின் இரத்தத்தை எடுப்பார்கள், எச்சிலை எடுப்பார்கள், படம் பிடிப்பார்கள், பேட்டி காண்பார்கள். எடுத்ததை வைத்துப் பட்டம் வாங்குவார்கள், பதவி வாங்குவார்கள். கொடுத்தவனுக்கு என்ன நோய் என்று சொல்ல மட்டும் ஒருவனுக்கும் அந்தச் சந்து திரும்பத் தெரியாது. நீலாவதிக்குத் தெரியும். மெட்ரோவில் எஸ்பிளனேடு போய், பாபுகாட்டில் படகேறி, அக்கரை ஹவுராவில் இறங்கி, சேற்றில் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்து, "உன் முடி என்ன சொல்லிச்சு தெரியுமா?" என்று குந்திக்கொள்வாள். நல்ல செய்தியானால் அவர்கள் டீ கொடுப்பார்கள். கெட்ட செய்தியானாலும் டீ கொடுப்பார்கள். "அதான் எனக்குத் தாங்கல" என்பாள்.

அப்படித்தான் அன்னத்தைத் தெரியும். ஹவுராவில் ரயில் பட்டறைகளுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை; பழைய லாரி பேட்டரிகளை உடைத்து ஈயத்தை உருக்குகிற இடம். உடைப்பது பெண்கள், உருக்குவது ஆண்கள், புகை எல்லாருக்கும் பொது. வட ஆற்காட்டிலிருந்து வந்த அன்னமும் அவள் புருஷன் வேலாயுதமும் அங்கே வேலைக்கிருந்தார்கள். அன்னத்துக்கு முதலில் வயிற்றில் சுருட்டிப் பிடிக்கிற வலி வந்தது. பிறகு வலது மணிக்கட்டு தொங்க ஆரம்பித்தது. சுத்தியல் கையிலிருந்து நழுவிய வாரத்தில் முதலாளி அவளை நிறுத்திவிட்டார். வரும்போதே சீக்காளி, நான் ஏன் வைத்தியச் செலவு கொடுக்கவேண்டும் என்றார். புருஷனும் கொட்டகையை விட்டு ஹவுரா ஸ்டேஷனில் மூட்டை தூக்கப் போனான். லேபர் ஆபீசில் மனுக் கொடுத்தார்கள். கொட்டகையில்தான் ஈயம் ஏறியது என்பதற்கு என்ன அத்தாட்சி என்று அதிகாரி கேட்டார். கேட்கவேண்டிய கேள்விதான். இரத்தம் அண்மைக் காலத்தை மட்டுமே சொல்லும். அவள் வேலை போய் ஒரு வருஷத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தாட்சி இல்லையென்றால் மருந்தில்லை. மருந்தில்லையென்றால் அந்தக் கை திரும்புமா என்று டாக்டராலேயே சொல்ல முடியவில்லை.

நீலாவதி முதல்முறை போனபோது அன்னம் ஒரு விஷயத்தைச் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "லாக்அவுட்டு போட்டு நாலு மாசம் கொட்டாய மூடிட்டான்க்கா. சோத்துக்கே சிங்கியடிச்சோம். ஆனா அந்த நாலு மாசம் வயித்து நோவு மட்டும் இல்ல. இன்னா கூத்து பாரேன்! பட்டினி கெடந்தா நோவு இல்ல, வேலைக்கிப் போனா நோவு கீது."

நீலாவதி வாய்க்குக் கொண்டுபோன டீயைக் கீழே வைத்தாள். அந்த நாலு மாதமும் இவள் கூந்தலில் எங்கோ ஓர் இடத்தில் இருக்கவேண்டும். ஈயம் குறைந்த ஓர் இடம்.

அதைத் தேடிப் பிடிக்க அவளுடைய கூடத்து எக்ஸ்ரே குழாயால் ஆகாது. ஒரு முடியில் ஈயம் இருக்கிறதா என்று சொல்லவே அது நாள் முழுக்க எரியவேண்டும். பாதியில் லோட்ஷெடிங் என்று மின்சாரம் போய்விடும். எந்த மாதத்து ஈயம் என்று கேட்டால் அதற்குப் பதிலே தெரியாது. வேறொரு ஒளி வேண்டும். மழைநாளில் காளிகாட் திருப்பத்தில் டாக்சி வேகமாக வளைந்தால் தண்ணீர் வெளிப்பக்கம் வீசியடித்து நம் வேட்டியை நனைக்குமே, அதுபோலத்தான்: எலக்ட்ரான்களைப் பெரிய வளையம் ஒன்றுக்குள் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் ஓடவிட்டு, காந்தங்களால் வளைக்கிறார்கள், ஒவ்வொரு வளைவிலும் அவை ஒளியை வீசியடிக்கின்றன. சின்க்ரோட்ரான் ஒளி என்று பெயர். அதிலுள்ள எக்ஸ்ரே, ஆஸ்பத்திரி எக்ஸ்ரேயைவிடப் பல்லாயிரம் மடங்கு பிரகாசம். அதை ஒரு முடியின் அகலத்துக்குச் சீவி, முடியின் மேல் புள்ளி புள்ளியாக நடத்தலாம். பட்ட இடத்தில் ஈயம் இருந்தால், ஈயத்துக்கே உரிய எக்ஸ்ரே அங்கிருந்து திரும்பிக் கிளம்பும், எண்ணிக்கொள்ளலாம். நம் நாட்டில் அப்போது அந்த வளையம் இல்லை. இந்தூரில் கட்டப்போவதாகப் பேச்சு. ஜப்பானில் இருந்தது.

அவர்கள் கூடத்து விஞ்ஞானி வெங்கடசுப்ரமணியனுக்கு ஜப்பான் வளையத்தில் மூன்று நாள் பீம் டைம், அதாவது அந்த ஒளியைப் பயன்படுத்தும் முறை, கிடைத்திருந்தது, ஏதோ ஓர் உலோகக் கலவைக்காக. நீலாவதி அட்டைச் சட்டத்தோடு அவன் மேசைக்கு முன்னால் போய் நின்றாள்.

"தீதி, பீம் டைம்னா என்ன, ரேஷன் கடை க்யூவா, நடுவில சொருகறதுக்கு?"

"கடேசில சொருகு. ரேஷன்ல கடேசில நிக்கறவளுக்கும் ஒரு பிடி உண்டு."

அவன் வாங்கி வைத்துக்கொண்டான். தன் நேரத்தின் கடைசியில் மூன்று மணி நேரத்தை அதற்குக் கொடுக்கவும் செய்தான்.

வந்த வரைபடத்தில் இருந்தது ஒரு சுவர். தலையிலிருந்து வால்வரை ஈயம், ஒரே உயரத்தில், மேடு பள்ளமே இல்லாமல். வெங்கடசுப்ரமணியன் படத்தை மேசைமேல் போட்டான்.

"எங்கேர்ந்து எடுத்தேள் இந்த முடியை?"

"முன் வகிட்டுல."

"வகிட்டுல சிந்தூரம் வெச்சுக்கறவளா?"

நீலாவதிக்கு அப்போதுதான் உறைத்தது. ஹவுராவுக்கு வந்தபிறகு அன்னம் வங்காளிப் பெண்களைப்போல வகிடு நிறையச் சிந்தூரம் வைப்பாள். கடைச் சிந்தூரத்தில் பாதி ஈயச் செந்தூள். ஒவ்வொரு அங்குல முடியும் முளைத்தவுடன் அந்தத் தூளில் குளித்துத்தான் வெளியே வந்திருக்கிறது. எத்தனை கழுவியும் அது போகவில்லை.

நீலாவதி எப்போதும் பிடரியில்தான் எடுப்பாள். அன்னத்திடம் முடி எடுக்க அன்று போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. அன்னம் இறுக்கிக் கொண்டை போட்டிருந்தாள். "வெளக்கு வெச்ச நேரத்துல பொம்பள முடிய அவுக்கக் கூடாதுக்கா, லச்சுமி பூடும்" என்று வேலாயுதம் தடுத்தான். "முன்னால எங்கனா எடுத்துக்கயேன்." அந்த வீட்டில் போவதற்கு எந்த லட்சுமி இருந்தாள்? ஆனாலும் விருந்தாளியாகப் போன இடத்தில் வாதம் எதற்கு என்று நீலாவதி விட்டுக்கொடுத்தாள். மரியாதை என்று நினைத்துக்கொண்டாள். மூடநம்பிக்கைக்குக் காட்டும் மரியாதைக்கு விலை உண்டு. அந்த விலையை எப்போதும் ஏழைகள்தான் கொடுக்கிறார்கள்.

"பகுத்தறிவு பேசறவா நீங்க! போன சரஸ்வதி பூஜைக்கு மெஷினுக்குக் குங்குமம் வெச்சேன்னு என்னை எத்தனை நாள் கிண்டல் பண்ணினேள்?" என்றான் வெங்கடசுப்ரமணியன். நீலாவதி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவனுக்கே தாங்கவில்லை போலும். படத்தைச் சுருட்டினான். "மாசி மாசம் மறுபடி போறேன். பின்னங்கழுத்துலேர்ந்து எடுத்துண்டு வாங்கோ. இல்லேன்னா இந்த ரூமுக்குள்ளயே வராதீங்கோ."

மறுநாள் மத்தியானம் அவள் ஹவுராவுக்குப் போனாள். தப்பு தன்னுடையது என்பதை முதல் வாக்கியமாகவே சொன்னாள். "இருட்டிடுச்சுன்னு விட்டேன் பாரு, அது என் முட்டாள்தனம். வெயில் இருந்தாலும் இருட்டினாலும் அன்னிக்கே பின்னாடி எடுத்திருக்கணும்."

அன்னம் கொண்டையை அவிழ்க்கக் கையைத் தூக்கினாள். கை தோள்வரை வந்தது. மணிக்கட்டு மடங்கித் தொங்கியது. விரல்கள் கொண்டையை எட்டவில்லை. மறுபடி தூக்கினாள். வேலாயுதம் வாசற்படியிலிருந்து எழுந்து வந்தான். மூட்டை தூக்கிக் காய்த்த கையால் ஊசிகளை ஒவ்வொன்றாக உருவி, கொண்டையை அவனே அவிழ்த்து, கூந்தலைப் பிடரியிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டான்.

"எடுத்துக்கக்கா. எத்தினி வோணுமோ எடுத்துக்க."

"ரெண்டு போதும்ப்பா."

"மொட்டையே அட்ச்சாலும் செரிதான்" என்றாள் அன்னம். "சீப்பு புடிக்கிற வேலை மிச்சம்." அந்தச் சந்தில் அன்று சிரிக்காதவன் வேலாயுதம் ஒருவன்தான்.

இரண்டாவது படத்தில் பள்ளம் இருந்தது. வேரிலிருந்து அளந்து வந்தால், வேலையை விட்டபின் ஈயம் இறங்கியிருந்தது. அதற்கு முந்தைய மாதங்களில் உயரம். அந்த உயரத்தின் நடுவே, லாக்அவுட் மாதங்கள் எங்கே இருக்கவேண்டுமோ அங்கே, ஒரு பள்ளம். முடியைக் குறுக்கே வெட்டியும் பார்த்திருந்தான் வெங்கடசுப்ரமணியன். இந்த முறை ஈயம் முடியின் மேலே ஒட்டியது அல்ல, உள்ளே இருந்தது. யாரும் கேட்காமலே தன் நேரத்தில் ஒரு முழு இரவை அவன் இதற்குக் கொடுத்திருந்தான். "என் கலவை எங்கே போயிடப்போறது" என்றான். நீலாவதி அவனுக்குக் கைநிறையக் கடலை மிட்டாய் கொடுத்தாள். நன்றி சொல்ல அவளுக்குத் தெரிந்த ஒரே வழி அது.

விசாரணைக்கு அன்னத்தால் வர முடியவில்லை, எலும்பில் தங்கிவிட்ட ஈயத்தால் இன்னும் வந்துபோகிற வயிற்றுவலி. நீலாவதி படத்தோடு போனாள். முதலாளியின் வக்கீல் படத்தை ஒரு முறை பார்த்துவிட்டு, எதிர்பார்த்ததைச் சொன்னார்: "சிந்தூரத்தில் ஈயம் உண்டு என்று உலகத்துக்கே தெரியும். அந்தப் பெண் தினமும் வைக்கிறாள். எங்கள் கட்சிக்காரர் என்ன செய்வார்?"

"உண்டுதான் சார். நானே சோதிச்சுப் பாத்தேன். அன்னிலேர்ந்து அவளுக்கு மஞ்சள்ல பண்ணின குங்குமம் வாங்கிக் குடுக்கறேன்" என்றாள் நீலாவதி வங்காளியில். "ஆனா லாக்அவுட் மாசத்துலயும் அவ தினம் சிந்தூரம் வெச்சா. அதே டப்பா, அதே வகிடு. அப்போ மட்டும் ஈயம் ஏன் எறங்கிச்சு? அந்த நாலு மாசத்துல அவ வாழ்க்கையில மாறினது ஒண்ணே ஒண்ணு. உங்க கட்சிக்காரர் கொட்டகைக்குப் பூட்டு போட்டாரு."

அதிகாரி படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். லாக்அவுட் அறிவிப்பின் தேதியை எடுத்துவரச் சொன்னார். விரலை அந்தப் பள்ளத்தின் மேல் வைத்து, வந்த தேதியோடு ஒப்பிட்டார். பிறகு வைத்தியச் செலவும் நின்றுபோன கூலியும் முதலாளி கொடுக்கவேண்டும் என்று எழுதினார். கொட்டகையில் இன்னும் வேலை செய்யும் பெண்களையும் டாக்டரிடம் காட்டவேண்டும் என்று, யாரும் கேட்காமலே ஒரு வரி சேர்த்தார். நல்ல மனிதர். நல்ல மனிதருக்கும் கையில் வைத்துப் பேச ஓர் அத்தாட்சி வேண்டியிருக்கிறது.

அன்றைக்கே படகேறிவிட்டாள். அன்னம் பாயில் சுருண்டு படுத்திருந்தாள். நீலாவதி விஷயத்தைச் சொன்னாள். புரியவில்லையோ என்று இன்னொரு முறை சொன்னாள். புரிந்திருந்தது. அன்னம் மெல்ல எழுந்து உட்கார்ந்து, தொங்குகிற கையை மற்றக் கையால் தாங்கிக்கொண்டு, நீலாவதியின் காலைத் தொடக் குனிந்தாள்.

"ஏய், ஏய், இதெல்லாம் வேண்டாம்!" என்று பின்னால் நகர்ந்தாள் நீலாவதி. பின்னால் சுவர். அன்னம் விடுவதாக இல்லை. பாயிலிருந்து நகர்ந்து வந்தாள். வேறு வழி தெரியாமல் நீலாவதி சேலையைச் சுருட்டிக்கொண்டு மண் தரையில் தொப்பென்று சப்பணமிட்டு உட்கார்ந்து, இரண்டு பாதங்களையும் தொடைக்கடியில் மறைத்துக்கொண்டாள். குனிந்த தலை நிமிர்ந்தபோது, இரண்டு முகங்களும் ஒரே உயரத்தில் இருந்தன.