அன்னூர் வரை தாங்கிய பேட்டரி

காலை ஏழு மணிக்கு சத்தியமங்கலத்தில் பஸ் ஏறினேன். தோளில் மகள் கவிதாவின் லேப்டாப். கோவைக்கு எழுபது கிலோமீட்டர்; உட்கார இடம் புளியம்பட்டியில்தான் கிடைத்தது. மறுநாள் பத்து மணிக்கு லேப்டாப்பிலேயே அவளுக்கு வேலைக்கான இன்டர்வியூ, ஒரு மணி நேரம். அன்றைக்கென்று பார்த்து எங்கள் ஊரில் மாதாந்திர மின்தடை, ஒன்பதிலிருந்து ஐந்து வரை. பழைய பேட்டரியோ ஒயரைப் பிடுங்கியதும் உயிரை விட்டுவிடும்.

ஒன்பதரைக்குக் காந்திபுரம். கம்பெனிக் கடையில் அசல் பேட்டரி ஆறாயிரத்து எண்ணூறு, வர ஒரு வாரமாகும். நூறடி ரோட்டில் ஒரு மாடிக் கடையில், வேறு யாரோ தயாரித்தது ஆயிரத்துத் தொள்ளாயிரம். கடைக்காரர் மாட்டினார், நூறு சதம் காட்டியது. அதற்குள் எனக்கு டீயும் வந்துவிட்டது. ஒயர் இல்லாமல் அரை மணி ஓட்டிப் பார்க்கலாமா என்ற கேள்வி நாக்கு நுனிவரை வந்தது. அவர் வாங்கித் தந்த டீயைக் குடித்துக்கொண்டே அவரை எப்படிச் சந்தேகப்படுவது? "வாரேனுங்க" என்று கிளம்பிவிட்டேன்.

பதினொன்றரை. அன்னூர் நெருங்கும்போது மனசு கேட்காமல் லேப்டாப்பைத் திறந்தேன். கால் மணி நேரத்தில் நாற்பதுக்கு இறங்கி, கண்ணெதிரே அணைந்தது.

"ஏனுங்க, கடையிலயே பாத்திருக்கலாமுங்களே?" என்றார் பக்கத்து சீட்டு அம்மா.

அன்னூரில் இறங்கி, எதிர்ப் பஸ்ஸுக்காக முக்கால் மணி நேரம் வெயிலில் நின்றேன். கடைக்காரர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

மறுபடி மாடி ஏறியபோது மணி ஒன்றரை. விஷயத்தைச் சொன்னதும் கடைக்காரர் முகம் சுருங்கிவிட்டது.

"அரை மணி ஒக்காந்து ஓட்டிப் பாருங்கன்னு சொல்லோணும்னுதான் இருந்தனுங்க அண்ணா. தூரத்துல இருந்து வந்தவரைக் காக்க வெச்சா தப்பா நெனச்சுக்குவீங்களோன்னு உட்டுட்டனுங்க."

இருவர் மரியாதைக்கும் சேர்த்து என் முதுகு வலித்தது. வேறு பேட்டரி மாட்டினார். இந்த முறை ஸ்டூலை விட்டு நான் எழவில்லை. ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடியது. நடுவே இரண்டு டீ, மறுக்கவில்லை.

மறுநாள் ஒன்பதுக்குக் கரண்ட் போனது. பத்துக்குக் கவிதா கதவைச் சாத்திக்கொண்டாள். நான் வெளியே கடிகாரத்தைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பதினொன்று பத்துக்குக் கதவு திறந்தது.

"முழுசாப் பேசிட்டனுங்கப்பா. சார்ஜ் இன்னும் முப்பது சதம் இருக்குது."

எனக்கு அது போதும். அங்கேயே சாய்ந்து தூங்கிப் போனேன்.