வாசல் குழாய்க் குழி

அன்னவாசலுக்குப் பக்கத்து ஊர் அது. அங்கே குடிதண்ணீரைச் சோதிக்கப் பயிற்சி வாங்கிய ஐந்து பெண்களில் சுடர்விழியும் ஒருத்தி. மற்ற நாலு பேரும் சான்றிதழைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். இவள் மட்டும் சோதனைப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு குழாய் குழாயாக அலைந்தாள். “கலெக்டரம்மா வாராங்க, வழிவிடுங்க” என்று தெருவே கேலி பேசும். அவள் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

அந்த வாரம் யாரும் கேலி பேசவில்லை. அடுத்த வீட்டு ராஜலட்சுமியின் மகள் வைஷ்ணவி, நாலு வயசுப் பிள்ளை, வயிற்றுப்போக்கில் துவண்டு ஆஸ்பத்திரியில் கிடந்தாள். தெருவில் இன்னும் மூன்று பேருக்கு அதே கதை. பழி நேராக, ஊர்த் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிடும் வீரய்யாவின் தலையில் விழுந்தது. குளோரின் போட்டிருக்க மாட்டார், சனிக்கிழமை கூட்டத்தில் வேலையை விட்டுத் தூக்கிவிட வேண்டியதுதான் என்று பேசிக்கொண்டார்கள்.

வீரய்யா சுடர்விழியின் வாசலில் வந்து நின்றார். “ஆத்தா, நான் அளந்துதான் போட்டேன். நீயாச்சும் டெஸ்ட் பண்ணிச் சொல்லு.”

வியாழக்கிழமை இரண்டு குப்பிகளில் தண்ணீர் பிடித்தாள். ஒன்று தொட்டிக்கடியில், இன்னொன்று கைக்கெட்டிய தன் வீட்டுக் குழாயில். தண்ணீரில் கிருமி இருந்தால் இரண்டு நாளில் குப்பி கறுத்துவிடும். இரண்டு நாளும் குப்பிகளை வைத்த அலமாரியைத் திறப்பதும் மூடுவதுமாகவே போனது.

சனிக்கிழமை மதியம் தொட்டிக் குப்பி நிறம் மாறாமல் இருந்தது. அவள் வீட்டுக் குப்பி மையாகக் கறுத்திருந்தது.

வாசலுக்கு ஓடினாள். போன கோடையில் தண்ணீர் மேலேறாமல் சொட்டியபோது, அவள்தான் தரையைத் தோண்டிக் குழாயைக் குழிக்குள் தாழ்த்தினாள். இப்போது அந்தக் குழியில் சாக்கடைத் தண்ணீர் தேங்கி, குழாயின் வாய் முங்கிக் கிடந்தது. தொட்டியை அடைத்ததும் அந்த அழுக்கைக் குழாய் உள்ளே இழுத்திருக்கிறது. மறுபடி திறந்தபோது அது பக்கத்து வீட்டுக் குடத்துக்குப் போயிருக்கிறது. அவள் வீட்டில் மட்டும் கொதிக்கவைத்துக் குடிப்பார்கள். அதுவும் பயிற்சியில் கற்றதுதான். பாவி மகள், குழியை மட்டும் மறந்துவிட்டாள்.

குப்பியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? மூடியைத் திருகக்கூடச் செய்தாள். வாசலில் நின்ற வீரய்யாவின் முகம் நினைவுக்கு வந்தது. மூடியை இறுக்கினாள்.

கூட்டத்தில் ராஜலட்சுமி ஆஸ்பத்திரிப் பையோடு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுடர்விழி இரண்டு குப்பிகளையும் மேசைமேல் வைத்தாள்.

“வீரய்யாண்ணே மேல தப்பில்லங்க. தொட்டித் தண்ணி நல்லாருக்கு. கறுத்தது எங்க வீட்டுக் குழாய்த் தண்ணி. நான் தோண்டுன குழிதான் பிள்ளையப் படுக்கவச்சிருச்சு.”

வீரய்யா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். ராஜலட்சுமி எழுந்து வந்தாள். அடிக்கப்போகிறாள் என்றே எல்லோரும் நினைத்தார்கள். அவள் கறுத்த குப்பியைக் கையில் எடுத்துப் பார்த்தாள்.

“எங்க வாசல்லயும் குழி இருக்குக்கா. தெருவுல எல்லார் வாசல்லயும் இருக்கு. நாங்க தெரியாமத் தோண்டுனோம். படிச்சுட்டு வந்த நீயுமாக்கா?”

சுடர்விழி வீட்டுக்குப் போய், குழியைத் தூர்க்க மண்வெட்டியை எடுத்தாள்.